சின்ன மேசை, அளவான பட்ஜெட்: முதல் ஹார்டுவேர் சிந்த் எதை வாங்கலாம்?

மேசைமூலை:

வணக்கம். நாள் முழுக்க வேலைக்காக லேப்டாப் முன்னால் இருக்கிறேன். ராத்திரி மெட்டுப் போட உட்கார்ந்தாலும் அதே லேப்டாப், அதே மவுஸ். சாஃப்ட்வேர் சிந்த் (ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்) நான்கைந்து இருக்கின்றன, எல்லாமே நன்றாகத்தான் ஒலிக்கின்றன. ஆனால் ப்ரீசெட் (தயாராகச் செய்துவைத்த ஒலி) பட்டியலைப் புரட்டுவதிலேயே நேரம் ஓடிவிடுகிறது. ஒரு ஒலி ஏன் அப்படி ஒலிக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஃபில்டர், என்வலப், எல்எஃப்ஓ என்று பெயர்கள் தெரியும், அவ்வளவுதான். அதைக் கையால் திருகிக் கற்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு சின்ன ஹார்டுவேர் சிந்த் தேடுகிறேன்.

இடம்: லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு ஏ4 தாளை அகலவாக்கில் வைக்கலாம். ஒன்றிரண்டு விரல் வெளியே நீண்டால் பரவாயில்லை.

வாசிப்பது ஹெட்ஃபோனில்தான். அதே அறையில் குழந்தை தூங்குகிறாள். கட்டைகள் டக் டக்கென்று விழுந்தாலே புரண்டு படுப்பாள், அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கீபோர்டு ஓரளவு வாசிப்பேன், கார்டு (சேர்ந்தொலிக்கும் பல ஸ்வரங்கள்) பிடிக்கும் பழக்கம் உண்டு. இழுத்து நிற்கும் பேட் ஒலிகளும் தடியான பேஸும் ரொம்பப் பிடிக்கும். பட்ஜெட் சின்னது, செகண்ட்ஹேண்டும் சரி.

இதுவரை வடிகட்டி வைத்திருப்பது நான்கு: கோர்க் வோல்கா கீஸ், கோர்க் மோனோலாக், ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக், ரோலண்ட் எஸ்-1. வீடியோ பார்த்தால் நான்குமே அருமை. அதனாலேயே முடிவெடுக்க முடியவில்லை.

நாலுவாய்ஸ்:

எஸ்-1 எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். கைக்குள் அடங்கும் அளவு. உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி, யூஎஸ்பி-சி. 1982-இல் வந்த எஸ்எச்-101-இன் ஒலியை வைத்துச் செய்தது. பழையது ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் தரும், இதில் நான்கு வாய்ஸ், கார்டு வாசிக்கலாம். எதிரொலிக்கு ரிவெர்ப், டிலே, ஒலியைத் தடிப்பாக்க கோரஸ் எல்லாம் உள்ளேயே உண்டு, ஸ்வரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் 64 ஸ்டெப் சீக்வென்சரும் உண்டு. யூஎஸ்பி கேபிள் ஒன்றைச் செருகினால் ஒலியே லேப்டாப்புக்குள் போய்விடும், தனி சவுண்ட் கார்டு கூட வேண்டாம். நான் படுக்கையில் சாய்ந்துகொண்டே இதில் வாசிக்கிறேன். பேட் ஒலி கேட்டீர்களே, நான்கு வாய்ஸில் கோரஸைத் திறந்துவிட்டுப் பாருங்கள், எழுந்திருக்கவே மனம் வராது.

சதுரஅலை:

எஸ்-1 நல்ல கருவி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்டவர் எழுதியதில் முக்கியமான வரி, “ஒரு ஒலி ஏன் அப்படி ஒலிக்கிறது என்று தெரியாது” என்பதுதான். அந்தத் தேவைக்கு வாய்ஸ் எத்தனை, எஃபெக்ட் எத்தனை என்பதை நான் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, ஒரு குமிழுக்கு எத்தனை வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை. எஸ்-1-இல் அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு விஷயம் இருப்பதால், பாதி விஷயம் ஷிஃப்ட் பட்டனுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ஏற்கெனவே சிந்த் தெரிந்தவருக்கு அது தொந்தரவே இல்லை. புதிதாகக் கற்பவருக்கு, கை எதைத் தொடுகிறது, காதில் எது மாறுகிறது என்ற தொடர்பு அந்த இடத்தில் அறுந்துபோகும்.

என்னிடம் வோல்கா கீஸும் மோனோலாக்கும் இருக்கின்றன. மைக்ரோஃப்ரீக்கை நண்பரிடம் இரவல் வாங்கி நன்றாகப் புழங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கற்பதற்கு என்றால் எனக்கு மிகவும் பிடித்தது மோனோலாக். காரணம் அதன் சின்னத் திரை. வெளியே வரும் அலையின் வடிவம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஆசிலேட்டரை (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) மட்டும் திறந்து, ரம்பப்பல் அலையை வைத்து, கீழ்ப்பக்கம் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால், ஃபில்டர் எந்த இடத்திலிருந்து ஒலியை வெட்ட வேண்டும் என்று சொல்லும் கட்-ஆஃப் குமிழை மெதுவாக இடப்பக்கம் திருகுங்கள். திரையில் பல்லின் கூர்முனை முதலில் மழுங்கும். இன்னும் திருகினால் நேர்கோடு வளையும், கடைசியில் வழவழப்பான ஒரு மேடுபள்ளமாக மட்டும் நிற்கும். காதில் அதே நேரத்தில் அந்தக் கரகரப்பு கரைந்து, ‘ஊ’ என்ற அடித்தொனி மட்டும் மிஞ்சும். இப்போது, வெட்டும் இடத்தை ஒட்டிய ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸை ஏற்றுங்கள். அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் சின்னச் சின்ன நெளிவுகள் முளைக்கும். காதில் விசிலடிப்பது அந்த நெளிவுதான். ஃபில்டர் என்றால் என்ன என்று எத்தனை கட்டுரை படித்தாலும், இதை ஒரு முறை கண்ணும் காதும் சேர்ந்து பார்த்துவிட்டால் வேறு விளக்கமே தேவைப்படாது.

அப்புறம் இரண்டாவது ஆசிலேட்டரைத் திறந்து அதன் பிட்ச்சைத் துளி விலக்குங்கள். ஒன்று 440 ஹெர்ட்ஸ், மற்றது 442 என்றால் ஒலி விநாடிக்கு 2 முறை ஏறி இறங்கும். இடைவெளியை அரை ஹெர்ட்ஸாகக் குறைத்தால் 2 விநாடிக்கு ஒரு அசைவு. தடியான பேஸ் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த அசைவுதான். சாஃப்ட்வேரில் டீட்யூன் என்று ஒரு எண்ணை மாற்றிக்கொண்டிருந்தவருக்கு, அந்த அசைவின் வேகத்தைக் கையாலேயே பாட்டின் வேகத்துக்கு இசைத்துக்கொள்ளலாம் என்று தெரியவரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியே வேறு.

மோனோலாக்கில் இரண்டு குறை. பெயரே சொல்வதுபோல ஒற்றை வாய்ஸ்தான். 1970-இல் வந்த மினிமூகும் ஒற்றை வாய்ஸ்தான், அதை வைத்தே எத்தனையோ பேஸும் லீடும் வாசித்தார்கள். இருந்தாலும் கார்டு பிடித்துப் பழகிய உங்கள் கை ஏங்கும். இரண்டாவது குறை, என்வலப்பில், அதாவது ஒலி எழுந்து, நின்று, அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் பகுதியில், நிற்கும் அளவுக்கான சஸ்டெய்ன் குமிழ் கிடையாது. எழும் நேரத்துக்கு அட்டாக், இறங்கும் நேரத்துக்கு டிகே, இரண்டு மட்டும்தான். நடுவில் ஒலி நிற்குமா நிற்காதா என்பதை ஒரு சுவிட்ச் தீர்மானிக்கும். பேஸுக்கும் பெர்கஷனுக்கும் அது போதும். நான்கு பகுதி என்வலப்பை முழுதாகக் கற்க நினைப்பவருக்குப் பாடத்தில் ஒரு பக்கம் கிழிந்த மாதிரி இருக்கும்.

வோல்கா கீஸை 2013-இல் வோல்கா பேஸ், வோல்கா பீட்ஸோடு சேர்த்து வெளியிட்டார்கள். மூன்று வாய்ஸ், அனலாக், கூடவே இனிமையான ஒரு டிலே. ஆறு ஏஏ பேட்டரி போட்டால் எங்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், ஸ்பீக்கரும் உள்ளேயே உண்டு. குமிழ்களின் நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏறக்குறைய ஒன்றுக்கு ஒரு வேலைதான். ஆனால் மூன்று வாய்ஸுக்கும் சேர்த்து ஒரே ஃபில்டர். ஒரு கார்டு மெல்லத் தேய்ந்து அடங்கிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒரு ஸ்வரத்தைத் தொட்டால், ஃபில்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மறுபடி திறக்கும், பழைய ஸ்வரங்களும் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். இதைப் பாராஃபோனிக் என்பார்கள். சிலருக்கு அந்தக் குணமே பிடிக்கும். உங்களுக்குச் சிக்கல் கட்டைகளில்தான். தொடும் பட்டையில் அச்சடித்த ஒல்லிக் கட்டைகள், கார்டு வாசிக்க இடமே போதாது. குமிழ்களின் நிலையைச் சேமித்து வைக்கவும் முடியாது. நேற்று ராத்திரி கிடைத்த ஒலியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு இன்று மறுபடி திருகிக் கொண்டுவர வேண்டும். காதுக்கு அது நல்ல பயிற்சி, எல்லாருக்கும் அந்தப் பொறுமை இருக்காது.

இப்போது மைக்ரோஃப்ரீக். 2019-இல் வந்தது. ஆசிலேட்டர் டிஜிட்டல், ஃபில்டர் அனலாக். 31 செ.மீ. அகலம், 23 செ.மீ. ஆழம், எடை ஒரு கிலோதான். அதாவது உங்கள் ஏ4 தாளைவிட ஒன்றிரண்டு விரல்தான் கூட. கட்டைகள் எதுவும் கீழே இறங்காது. தட்டையான சர்க்யூட் பலகையின் மேல் அச்சடித்த 25 தொடுகட்டைகள் அவை. விரல் எவ்வளவு பரப்பில் படிகிறது என்பதை ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக அறியும். நுனியால் தொட்டால் ஒரு அளவு, விரலைச் சற்றுப் படியவிட்டால் இன்னொரு அளவு. பிடித்திருக்கும் கார்டில் ஒரு ஸ்வரத்தின் விரலை மட்டும் அழுத்தி அதை மட்டும் வளர்க்கலாம். இதைவிடப் பல மடங்கு விலையுள்ள கீபோர்டுகளிலேயே இந்த வசதி அரிது. முக்கியமான விஷயம், இந்தக் கட்டைகளில் சத்தமே வராது. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் வாசிக்க இதைவிடப் பொருத்தமானது உங்கள் பட்டியலில் வேறெதுவும் இல்லை.

பாராஃபோனிக் முறையில் நான்கு ஸ்வரம் வரும். ஃபில்டர் பொதுவானதுதான், ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தின் ஏற்ற இறக்கமும் தனி. அதனால் பேட் வாசிக்கும்போது வோல்காவில் சொன்ன அந்தத் தொந்தரவு இங்கே குறைவாகவே தெரியும்.

இதில் புதியவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆசிலேட்டர் வகைகள் ஏராளம். அதில் ஒரு பகுதி, மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பிளெய்ட்ஸ் என்ற மாட்யூலின் திறந்த மூலநிரலிலிருந்து வந்தது. பின்னால் இலவச அப்டேட்டுகளில் வோகோடர், சாம்பிள், கிரானுலர் என்று வகைகள் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொரு வகைக்கும் வேவ், டிம்பர், ஷேப் என்ற மூன்று குமிழும் வெவ்வேறு வேலை செய்யும். அங்கே போய் மாட்டிக்கொண்டால் மறுபடியும் ப்ரீசெட் புரட்டும் கதைதான். ஆகவே வாங்கினால், ஆரம்பத்தில் பேசிக் வேவ்ஸ் என்ற வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சதுர அலையும் ரம்பப்பல் அலையும் அதிலேயே கிடைக்கும். ஃபில்டரையும் என்வலப்பையும் காது பிடித்துக்கொண்ட பிறகு மற்ற வகைகளுக்குள் போங்கள். அப்போது அவை ஒவ்வொன்றும் உங்களுக்குத் தனி வாத்தியமாகத் திறக்கும்.

குறை சொல்ல வேண்டுமென்றால், உள்ளே ரிவெர்ப், டிலே எதுவும் இல்லை. ஹெட்ஃபோனில் நேராகக் கேட்டால் ஒலி வெறுமையாகத் தெரியும். உங்களிடம் லேப்டாப் இருக்கிறது, பதிவுக்குப் பிறகு ரிவெர்ப் போட்டுக்கொள்ளலாம். கற்கும்போது வெறும் ஒலியைக் கேட்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ரிவெர்ப் இருந்தால் மோசமான என்வலப் கூட அழகாகத் தெரியும்.

என் வாக்கு உங்கள் விஷயத்தில் மைக்ரோஃப்ரீக்குக்கு. கார்டு வேண்டாம், பேஸும் லீடும் போதும் என்று சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மோனோலாக் என்றிருப்பேன்.

நோவேஷன் சர்க்யூட் டிராக்ஸ் பற்றியும் யாராவது சொல்வார்கள். இரண்டு சிந்த், நான்கு டிரம் டிராக் வைத்து முழுப் பாட்டைக் கட்ட அது அருமை. ஆனால் ஒலியை அடியிலிருந்து செதுக்க லேப்டாப்பில் எடிட்டரைத் திறக்க வேண்டும். மவுஸை விட்டு விலகத்தான் நீங்கள் இவ்வளவு யோசிக்கிறீர்கள்.

வயர்சுருள்:

சிந்த் எது என்பதில் சதுரஅலையோடு ஒத்துப்போகிறேன். நான் கரண்டும் கேபிளும் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சின்ன பட்ஜெட்டில் கடைசி நேரத்தில் கையைக் கடிப்பது இதுதான்.

வோல்காவுக்கு அடாப்டர் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். 9 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். கிட்டார் பெடல்களுக்கு வரும் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ். முனை பொருந்துகிறதே என்று செருகிவிடக் கூடாது. அடாப்டரின் முதுகில் வட்டமும் புள்ளியுமாக ஒரு படம் இருக்கும், அதைக் கருவியில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

அடுத்தது இரைச்சல். சிந்த்தை லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகி, அதன் ஆடியோ அவுட்டை அதே லேப்டாப்போடு இணைந்த சவுண்ட் கார்டில் கொடுத்தால், பல நேரம் பின்னணியில் ‘கீ’ என்று ஒரு மெல்லிய இரைச்சல் வரும். மவுஸை அசைத்தால் அதுவும் மாறும். கருவியில் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். யூஎஸ்பி வழியாக ஒன்று, ஆடியோ கேபிள் வழியாக ஒன்று என்று கிரவுண்டுக்கு இரண்டு பாதை சேர்ந்து வளையம் ஆகிவிடுகிறது. யூஎஸ்பியைக் கழற்றி அடாப்டரிலோ பேட்டரியிலோ ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். மிடியும் (எந்த ஸ்வரம், எப்போது என்ற செய்தியைக் கருவிகளுக்கிடையே அனுப்பும் முறை) வேண்டுமென்றால் பழைய 5 முனை மிடி கேபிளே நல்லது. 1983-இல் மிடி வந்தபோதே, உள்ளே வாங்கும் பக்கம் ஆப்டோ-ஐசொலேட்டர் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். செய்தி ஒளியாகத் தாண்டிப் போகும், இரண்டு கருவிகளின் கிரவுண்டும் தொட்டுக்கொள்ளாது.

சின்ன சிந்த்களில் 5 முனைக்குப் பதில் 3.5 மி.மீ. ஜாக்கில் மிடி வரும். அதில் ஏ வகை, பி வகை என்று இரண்டு வயரிங் உண்டு. 2018-இல் ஏ வகையைத் தரமாக ஏற்றுக்கொண்டார்கள், அதற்கு முன் வந்தவற்றில் எதுவும் இருக்கலாம். மாற்றிச் செருகினால் ஒன்றும் எரியாது, செய்தி போகாது, அவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாவிட்டால் ஒரு ராத்திரி முழுக்க செட்டிங்ஸில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

செகண்ட்ஹேண்ட் என்றால் நேரில் போய் உங்கள் ஹெட்ஃபோனிலேயே கேளுங்கள். ஒவ்வொரு குமிழையும் முழுக்கச் சுற்றி, ஒலி வழுக்கிக்கொண்டு போகிறதா, எங்காவது தாவுகிறதா என்று பாருங்கள். ஹெட்ஃபோன் ஜாக்கைச் சற்று அசைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் கட்டானால் உள்ளே சால்டர் விட்டிருக்கும். ஒரு ஒலியைச் சேமித்து, அணைத்து, மறுபடி திறந்து அது அப்படியே வருகிறதா என்றும் பாருங்கள்.

மேசைமூலை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மைக்ரோஃப்ரீக் பக்கம் மனம் சாய்ந்துவிட்டது. இரண்டு சந்தேகம் மட்டும்.

ஒன்று, இறங்காத கட்டையில் வாசிப்பது கைக்குப் பழகுமா? இன்னொன்று, செகண்ட்ஹேண்டில் ஒரு யமஹா ரீஃபேஸ் சிஎஸ் வருகிறது, பட்ஜெட்டுக்குச் சற்று மேலே. அதற்காகக் காத்திருக்கலாமா?

சதுரஅலை:

ரீஃபேஸ் சிஎஸ் எனக்கு ரொம்பப் பிடித்த கருவி. 2015-இல் வந்த நான்கு ரீஃபேஸில் ஒலியைச் செதுக்கக் கற்பவருக்கு ஏற்றது அதுதான். எட்டு வாய்ஸ், எல்லாம் கண்ணெதிரே ஸ்லைடர்களாக இருக்கும், மெனு என்று ஒன்று இல்லை. 37 சின்னக் கட்டைகள், உண்மையிலேயே இறங்கும் கட்டைகள், அந்த அளவில் அவ்வளவு நன்றாக வாசிக்க வருபவை குறைவு. ஆனால் உங்கள் இடத்துக்கு நீளம் மிகவும் அதிகம். கட்டைகள் இறங்கி ஏறும் சத்தம் ராத்திரியில் கேட்கும். செதுக்கிய ஒலியைக் கருவிக்குள்ளேயே சேமிக்கவும் முடியாது. பெரிய மேசை இருந்தால் இந்த உரையாடலே வேறு மாதிரி போயிருக்கும்.

தொடுகட்டை பற்றி. வேகமான ஓட்டங்களுக்கு அது கொஞ்சம் கடினம், விரலுக்குக் கீழே எல்லை தெரியாததால் கண் கீழேயே இருக்கும். மெதுவாக மாறும் கார்டுகளுக்கும் பேட்களுக்கும் அது குறையே இல்லை. முக்கியமாக அந்த அழுத்தத்தைப் பயன்படுத்துங்கள். மேலே இருக்கும் மேட்ரிக்ஸில் ஐந்து வரிசை, ஏழு பத்தி. வரிசையில் இருப்பவை எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கி மற்றவற்றை அசைக்கும் அலை), என்வலப், பிரஷர் (விரல் அழுத்தம்) போன்றவை. பத்தியில் இருப்பவை பிட்ச், வேவ், டிம்பர், கட்-ஆஃப் போன்றவை. குமிழைத் திருகினால் விளக்கு கட்டம் கட்டமாக நகரும். வேண்டிய கட்டத்தில் அமுக்கி, எவ்வளவு வேண்டும் என்று திருகினால் போதும். எது எதை அசைக்கிறது என்பது முழுதாகக் கண்முன்னால் இருக்கும், கற்பவருக்கு இந்தக் கட்டங்கள் பெரிய துணை.

நீங்கள் கேட்ட பேட் ஒலிக்கு இப்படி ஆரம்பியுங்கள். பாராஃபோனிக்கைத் திறந்து, பேசிக் வேவ்ஸில் ரம்பப்பல் பக்கம் வையுங்கள். கட்-ஆஃப் பாதிக்கும் கீழே. அட்டாக்கைக் கார்டு மெல்ல எழும் அளவுக்கு ஏற்றுங்கள், சஸ்டெய்ன் முழுக்க, டிகே-ரிலீஸை நீளமாக விடுங்கள். எல்எஃப்ஓவை முக்கோண அலையில் மிக மெதுவாக ஓடவிட்டு, கட்-ஆஃப் கட்டத்தில் கொஞ்சமே கொஞ்சம் கொடுங்கள். அப்புறம் பிரஷர் வரிசையிலிருந்து டிம்பருக்கு ஒரு துளி. இப்போது மூன்று ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் படியவிட்டுப் பாருங்கள்.

பகலில் முழு அளவுக் கட்டை வேண்டுமென்றால், நீங்கள் வாசித்துப் பழகிய அந்தக் கீபோர்டில் மிடி அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோஃப்ரீக்கின் மிடி இன் 3.5 மி.மீ. ஜாக்தான். 5 முனையிலிருந்து மாற்றும் குட்டிக் கேபிள் பெட்டியில் இருக்க வேண்டும், செகண்ட்ஹேண்டில் வாங்கினால் அடாப்டரோடு அதையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.